இருபதடி தூரத்தில் அம்மா

மே 28

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அம்மாவும் சௌக்கியம். நீ, மாமா, வாண்டு மூணு பேரும் எப்படி இருக்கீங்க? வாண்டு நடக்க ஆரம்பிச்சிட்டாளா? இல்ல, இன்னும் உட்கார்ந்த இடத்துல இருந்தே எல்லாரையும் வேலை வாங்கிட்டு இருக்காளா? அப்படின்னா சந்தேகமே இல்லை, அவ உன்னை உரிச்சு வச்சிருக்கா.

விஷயத்துக்கு வர்றேன். மேஜை மேல ரெண்டு பேப்பர் கிடக்கு. ஒண்ணு காலேஜ்ல இருந்து வந்தது. கண் பரிசோதனைப் படிப்பு, நாலு வருஷம், சீட் கிடைச்சிருக்கு. ரயில்ல ஒரு பகல் முழுக்கப் போகணும், ஹாஸ்டல்லதான் தங்கணும். இன்னொண்ணு நம்ம பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி மாடியில நடக்கிற ஆறு மாசப் படிப்பு. பவர் பார்க்கிறது, லென்ஸ் வெட்டி ஃப்ரேம்ல மாட்டுறது, அவ்வளவுதான். முடிச்ச கையோட கண்ணாடிக் கடையில வேலை கிடைக்கும்னு சொல்றாங்க.

காலேஜ் நேர்காணல்ல மேஜை மேல ஒரு பிளாஸ்டிக் கண் வச்சிருந்தாங்க. பூசணிக்காய் அளவு இருக்கும். அதைப் பிரிச்சா உள்ள ஒவ்வொரு பாகமும் தனித்தனியா கையோட வருது. கேள்வி கேட்டவர் போன் பேச வெளியே போனப்ப நான் அதைப் பிரிச்சுட்டேன், திரும்ப மாட்டத் தெரியலை. அவர் வந்து பார்த்து சிரிச்சார். எனக்கென்னவோ அதனாலதான் சீட்டே கொடுத்தாங்கன்னு தோணுது.

அம்மாகிட்ட கேட்டா, பெரியவளைக் கேளுன்னு சொல்லிட்டு தையல்காரர் சட்டைக்குக் காஜா எடுக்கப் போயிடுறாங்க. அப்பா போனதுல இருந்து இந்த வீட்டுல கடைசி முடிவு உன்னுதுதானே. சீக்கிரம் எழுது. பத்தாம் தேதிக்குள்ள நான் பதில் சொல்லணும்.

உன் தம்பி

பெரியவளே, இவன் சரியா சாப்பிடுறதில்லை. ரெண்டு பேப்பரையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டே இருக்கான். இவன் எழுதினதை நான் படிக்கலை, அடியில இடம் கேட்டு வாங்கி எழுதுறேன். உடம்பைப் பார்த்துக்கோ. — அம்மா

*

ஜூன் 4

அன்புத் தம்பிக்கு,

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். வாண்டு நடக்குறா. நடக்கிறான்னு சொல்றதை விட, கண்ணுல படுற சாமானை எல்லாம் தேடிப் போய் கீழே தள்ளுறான்னு சொல்லணும். அம்மாவுக்குக் கால் வலி எப்படி இருக்கு?

ஆறு மாசப் படிப்புல சேரு. இதுல யோசிக்க என்ன இருக்கு?

நான் மூணு வருஷம் காலேஜ்ல ரசாயனம் படிச்சேன். பட்டம் வாங்கின போட்டோ நம்ம வீட்டுச் சுவத்துல தொங்குது. இப்ப என்ன செய்யறேன்? கிடங்குல நின்னு பெட்டிக்கு லேபிள் ஒட்டுறேன். எனக்குப் பக்கத்துல நிக்கிறவ பள்ளிக்கூடம் முடிச்சுட்டு மூணு மாசம் ஏதோ பயிற்சி எடுத்தவ. அவ எனக்கு மேல அதிகாரி. நாலு வருஷம் கழிச்சு நீயும் பட்டத்தை மாட்டிட்டு நிக்கப் போறியா? கையில தொழில் இருந்தா போதும்டா.

அப்புறம், நீ ஹாஸ்டலுக்குப் போயிட்டா அம்மா கூட யார் இருப்பா? அதையும் யோசி. பிளாஸ்டிக் கண்ணைப் பிரிக்கணும்னு ஆசைப்பட்டு வாழ்க்கையை முடிவு பண்ணாதே. காலேஜுக்கு நாளைக்கே எழுதிப் போடு.

அக்கா

*

ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

உத்தரவுப்படி சேர்ந்துட்டேன் மகாராணி. இங்க எல்லாரும் நலம். அம்மா கால் வலி பரவாயில்லை.

காலேஜுக்கு எழுதின கடிதத்தைத் தபால்ல போடும்போது மட்டும் கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு. பெட்டிக்குள்ள விழுந்த சத்தம் கேட்டதும் திரும்பி நடந்துட்டேன். அதை விடு.

வகுப்புல பன்னிரண்டு பேர். மாஸ்டர் முப்பது வருஷமா கண்ணாடி வெட்டுறவர், விரலெல்லாம் கீறல். வீட்டுல பழகச் சொல்லி ஆளுக்கொரு எழுத்து அட்டை கொடுத்தார். மேலே பெருசா ஒரு எழுத்து, கீழே போகப் போக சின்னதாகும், கண் டாக்டர்கிட்ட இருக்குமே அதேதான். இருபதடி தூரத்துல நின்னு படிக்கணும். நம்ம வீட்டுல இருபதடிக்கு எங்க போறது? அளந்து பார்த்தேன். வாசல் சுவத்துல அட்டையை மாட்டி, சமையலறையைத் தாண்டி, பின் கதவுப் படியில ஆளை உட்கார வச்சா சரியா இருபதடி. அந்தப் படியில இப்ப தினமும் உட்கார்றது யாருன்னு நினைக்கிறே? காஜாத் துணி மடியில கிடக்கும், மூக்குல சோதனை ஃப்ரேம் இருக்கும். கடிகாரம் ரிப்பேர் பண்றவங்க மாதிரி இருக்காங்க. நான் ஒவ்வொரு லென்ஸா போட்டு, இது தெளிவா அது தெளிவான்னு கேட்பேன். அம்மா அலுக்காம பதில் சொல்றாங்க.

உன் தம்பி

பெரியவளே, உன் தம்பி என்னைப் பள்ளிக்கூடத்துல சேர்த்துட்டான். இந்த வயசுல எழுத்து படிக்கிறேன். வாண்டு போட்டோ அனுப்பு. — அம்மா

*

ஜூலை 22

அன்புத் தம்பிக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்கணும். பதில் எழுத நாளாயிடுச்சு, வாண்டுவுக்குக் காய்ச்சல், எனக்குக் கிடங்குல ஆள் குறைவு.

பார்த்தியா, நான் சொன்னது சரியா போச்சா? ஆறு மாசத்துல ஒரு மாசம் இப்பவே ஓடியிருக்கும். அம்மாவை ரொம்பப் படுத்தாதே, அவங்களுக்கு வேலை இருக்கு. போட்டோ இதோட வச்சிருக்கேன். வாண்டு ஒரு இடத்துல நிக்கலை, அதான் பாதி முகம்தான் விழுந்திருக்கு. மீதியை நேர்ல பார்த்துக்கலாம்னு அம்மாகிட்ட சொல்லு.

அக்கா

*

செப்டம்பர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகம்தானே? வாண்டுவுக்குக் காய்ச்சல் விட்டுதா? பாதி முகத்தை அம்மா அரிசி டப்பா மேல சாய்ச்சு வச்சிருக்காங்க.

நான் முதல் கண்ணாடி போட்டுட்டேன் அக்கா. அம்மாவுக்கு. பவர் பார்த்து, கல்லுல ஓரம் தேய்ச்சு, ஃப்ரேம்ல மாட்டி, எல்லாம் என் கையால. மாட்டிக்கிட்டு வீட்டை ஒரு சுத்துப் பார்த்துட்டு, தரையெல்லாம் இவ்வளவு அழுக்கா இருக்கே, இது தெரியாமலே இருந்திருக்கலாம்னாங்க. எனக்கு ஒரே சிரிப்பு. அந்த ஒரு வாரம் நான் தரையில நடக்கவே இல்லை.

செய்முறைப் பரீட்சைக்குப் பத்துப் பேரைப் பரிசோதிச்சு எழுதிக் கொடுக்கணும். முதல் பெயர் அம்மா. ரெண்டு கண்ணுலயும் தனித்தனியா கடைசி வரி வரைக்கும் படிச்சாங்க. வகுப்புல பாதி பேர் வீட்டுல ஆள் கிடைக்காம தவிக்கிறாங்க, எனக்குப் படியிலயே ஆள்.

பாடப் புத்தகம் முடியப் போகுது. கடைசில கண் நோய்கள்னு மூணு பக்கம் இருக்கு. அதை நடத்த வேண்டிய அன்னைக்கு ஓரம் தேய்க்கிற புது மெஷின் வந்து இறங்கிடுச்சு, எல்லாரும் அதைச் சுத்தி நின்னுட்டோம். ஒருத்தன் கேட்டதுக்கு மாஸ்டர், அது டாக்டர் பாடு, வீட்டுல படிச்சுக்கோங்க, பரீட்சைக்கு வராதுன்னுட்டார். வராதுன்னா எவன் படிப்பான்?

உன் தம்பி

பெரியவளே, சின்னவன் போட்ட கண்ணாடியிலதான் இதை எழுதுறேன். ரொம்ப நல்லா இருக்கு. கடையில வாங்கினது கூட இப்படி இல்லை. — அம்மா

*

அக்டோபர் 3

அன்புத் தம்பிக்கு,

இங்க சுகம். அங்கயும் அதுவேன்னு நம்புறேன்.

ஐயா பெரிய கண்ணாடிக்காரர் ஆயிட்டீங்க, சந்தோஷம். ஆனா அம்மா எழுதின வரி என்னடா உன் எழுத்து மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கு? உன் கையெழுத்துல பாதியைக் காணோம். கடைசி ரெண்டு வார்த்தை காகிதத்தை விட்டு வெளியே போயிடுச்சு. புதுக் கண்ணாடி போட்ட பெருமையில பேனா நிக்கலைபோல. நான் வாய் விட்டுச் சிரிச்சு, மாமாகிட்டயும் காட்டினேன்.

பரீட்சையை நல்லா எழுது.

அக்கா

*

டிசம்பர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கே? மாமா, வாண்டு? நான் நல்லா இருக்கேன். பாஸ். வகுப்புல ரெண்டாவது. பெரிய தெருவுல இருக்கிற கண்ணாடிக் கடையில வேலைக்கும் சேர்ந்துட்டேன். வெள்ளைக் கோட்டு, சட்டைப் பையில டார்ச். வர்றவங்க சார்னு கூப்பிடுறாங்க. முதல் தடவை யாரைச் சொல்றாங்கன்னு திரும்பிப் பார்த்தேன்.

அம்மாவுக்கு மறுபடியும் கண்ணாடி மாத்தினேன். செப்டம்பர்ல போட்டது அக்டோபர்லயே சரியில்லைன்னு தோணுச்சு, மாத்தினேன். போன வாரம் மூணாவது. ஏன் இப்படி பவர் ஓடிட்டே இருக்குன்னு தெரியலை. வயசுன்னு கடைக்காரர் சொல்றார். விளக்கைப் பார்த்தா சுத்தி வட்டம் வட்டமா தெரியுதுன்னு ஒரு நாள் சொன்னாங்க. லென்ஸைத் துடைச்சுக் கொடுத்தேன். பக்கத்துல வச்ச டம்ளரைத் தட்டி விட்டுடுறாங்க. நிலைப்படியில தோள்பட்டையை இடிச்சுக்கிட்டாங்க, எங்க பராக்குப் பார்க்கிறீங்கன்னு நான் சத்தம் போட்டேன். தையல்காரர் ஒரு கட்டு சட்டையைத் திருப்பி அனுப்பிட்டார், காஜா ஒரு பக்கமா இழுக்குதாம்.

ஆனா அட்டையைப் படிக்கச் சொன்னா மடமடன்னு கடைசி வரி வரைக்கும் படிச்சிடுறாங்க. அப்புறம் நான் என்ன பண்ண முடியும்? பார்வை சரியாத்தான் இருக்கு, கவனம்தான் இல்லை. நீ ஒரு வார்த்தை கண்டிச்சு எழுது.

அம்மாவுக்குக் கை ஈரமாம், இந்தத் தடவை எழுதலை. உன்னைக் கேட்டதா சொல்லச் சொன்னாங்க.

உன் தம்பி

*

ஜனவரி 8

அன்புத் தம்பிக்கு,

எங்களுக்கு ஒண்ணுமில்லை, நல்லா இருக்கோம். வேலை கிடைச்சதுல எனக்கு எவ்வளவு சந்தோஷம்னு எழுதி மாளாது. லேபிள் ஒட்டுற இடத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.

மேலே ரெண்டு வரி அடிச்சிருக்கேன், அதை விடு. பேனா சரியில்லை.

அம்மாவைச் சத்தம் போடாதே. புதுக் கண்ணாடி பழக நாளாகும்னு நீயே சொல்வியே. அடுத்த தடவை கை காஞ்ச பிறகு எழுதச் சொல்லு. அவங்க வரி இல்லாம உன் கடிதம் பாதியில நின்ன மாதிரி இருக்கு.

லீவு கேட்டிருக்கேன். இப்போதைக்குக் கிடைக்காதுபோல.

அக்கா

*

மார்ச் 16

அக்கா,

உன் கடிதம் வந்து ரெண்டு மாசமா எழுதலை. எழுத முடியலை. உட்கார்ந்து எழுதினாத்தான் உண்டுன்னு இன்னைக்கு உட்கார்ந்திருக்கேன். முழுசா படி.

கடைக்குப் புது அட்டைகள் வந்துச்சு. எழுத்து வேற வேறயா இருக்கும். பழசு அழுக்காயிடுச்சேன்னு ஒண்ணைக் கேட்டு வாங்கிட்டு வந்து வீட்டுச் சுவத்துல மாட்டினேன். அம்மாகிட்ட சொல்லலை, சொல்ல அதுல என்ன இருக்கு? படியில உட்கார்ந்திருந்தாங்க. வலது கண்ணை மூடிக்கிட்டுப் படிங்கம்மான்னு சொன்னேன்.

மேல இருந்து ஆரம்பிச்சாங்க. நிறுத்தாம, தடுமாறாம, கடைசி வரி வரைக்கும் படிச்சாங்க. ஒரு எழுத்து தப்பில்லை. அத்தனையும் பழைய அட்டையில இருக்கிற எழுத்து.

நான் சுவத்தைப் பார்த்தேன், அம்மாவைப் பார்த்தேன். முடிச்சுட்டு என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க, எப்பவும் போல. சரியான்னு கேட்டாங்க. நான் சரின்னு சொன்னேன் அக்கா.

மறுநாள் லீவு போட்டுட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பை அரிச்சிருக்கு. வலிக்காது, சிவக்காது, ஓரத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா இருட்டிட்டே வருமாம். இடது கண் போயிடுச்சு. வலது கண்ணுல நடுவுல மட்டும் கொஞ்சம் மிச்சம். காகிதத்தைச் சுருட்டி அது வழியா பார்த்தா எவ்வளவு தெரியுமோ அவ்வளவு. போனது போனதுதான். மருந்து விட்டா இருக்கிறதைக் காப்பாத்தலாம், அதுவும் உறுதி இல்லை. ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா முக்கால்வாசி நின்னிருக்கும்னாங்க.

டாக்டரம்மா மூணு கண்ணாடியையும் வரிசையா மேஜை மேல வச்சுட்டு, யார் போட்டதுன்னு கேட்டாங்க. நான்தான்னு சொன்னேன். எங்க படிச்சேன்னு கேட்டாங்க, சொன்னேன். திட்டலை. எதிர்ல வந்து உட்கார்ந்து, ஒரு விரலை அம்மா முகத்துக்குப் பக்கவாட்டுல வச்சு ஆட்டினாங்க. தெரியுதா? இல்லை. இன்னும் கொஞ்சம் முன்னாடி. தெரியுதா? இல்லை. காலேஜ்ல முதல் வருஷமே இதைச் சொல்லிக் கொடுத்துடுவாங்கன்னு சொன்னாங்க. மெஷின் வேண்டாம், அட்டை வேண்டாம், ஒரு விரல் போதும். எனக்குப் பத்து விரல் இருந்துச்சு அக்கா. யாரும் ஆட்டச் சொல்லித் தரலை.

அப்ப அம்மா சொன்னதுதான் என்னைக் கொல்லுது. "இவன் போட்ட கண்ணாடியில குறை ஒண்ணுமில்லைம்மா. நல்லாத்தான் இருந்துச்சு."

வீட்டுக்கு வந்து கேட்டேன். ஜூன்ல இருந்தே இடது கண் மங்கலாம். பரீட்சைக்கு முதல் பெயர் தன் பெயர்னதும், எங்கே தன்னால நான் ஃபெயிலாயிடுவேனோன்னு, நான் பழகும்போது வாய் விட்டுச் சொன்னதைக் கேட்டு மனப்பாடம் பண்ணியிருக்காங்க. இதுவா அதுவான்னு நான் கேட்கிறப்ப, என் குரல்ல எது தெம்பா இருக்கோ அதைச் சொல்லியிருக்காங்க. பாஸ் ஆகட்டும்னு இருந்தாங்களாம். அப்புறம் வேலை கிடைக்கட்டும்னு. அதுக்கப்புறம் சொல்லப் பயமாயிடுச்சாம். என்ன பயம்னு கேட்டேன். "நீ சங்கடப்படுவியே"ன்னாங்க.

அந்த மூணு பக்கத்தை இப்பத்தான் படிச்சேன். அதுல ரெண்டு பக்கம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, ஸ்கேல் விட்டுப் பிரிச்சேன். ஒரு வருஷத்துக்குள்ள மூணு தடவை கண்ணாடி மாறினாலோ, விளக்கைச் சுத்தி வட்டம் தெரிஞ்சாலோ, உடனே டாக்டரிடம் அனுப்பவும். பெரிய எழுத்துல இருக்கு. படிப்பு ஆறு மாசம்னு குறை சொல்ல வாய் வரலை. மூணு பக்கம், கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

நீ ஜனவரில அடிச்ச ரெண்டு வரியை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன். படிக்க முடியலை.

தம்பி

*

மார்ச் 27

என் தம்பிக்கு,

எப்படி இருக்கேன்னு கேட்க வாய் வரலை. அம்மா எப்படி இருக்காங்க? மருந்து நேரத்துக்கு விடுறியா?

அடிச்ச வரியில இருந்தது இதுதான்: அட்டையை நம்பாதே, அம்மாவை நல்ல டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடு. எழுதிட்டு யோசிச்சேன். டாக்டர் ஏதாவது பெருசா சொல்லிட்டா நான் கிளம்பி வரணும். லீவு இல்லை, குழந்தையை வச்சுக்கிட்டு எப்படின்னு நினைச்சேன். அடிச்சுட்டேன். அக்டோபர்ல அம்மா எழுத்து ஏறிப் போனதைப் பார்த்துச் சிரிச்சேன்னு எழுதினேனே, அது பொய். நான் சிரிக்கலை. அன்னைக்கே எனக்குச் சந்தேகம் வந்துச்சு. மாமாகிட்டயும் காட்டலை.

இன்னொண்ணும் சொல்லிடுறேன், இல்லைன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சிடும். உன்னைக் காலேஜுக்குப் போகாதேன்னு சொன்னேனே, லேபிள் கதையெல்லாம் சொல்லி. என் படிப்பு வீணாப் போச்சுங்கிறது நிஜம்தான். ஆனா காரணம் அது இல்லை. நீ ஹாஸ்டலுக்குப் போனா அம்மாவை நான் பார்த்துக்கணும். ஒண்ணு அவங்களை இங்க கூட்டிட்டு வரணும், இல்ல நான் அங்க வரணும். எனக்கு அது முடியாதுன்னு இருந்துச்சு. உன் நல்லதுக்குச் சொல்ற மாதிரி சொல்லி, என் சௌகரியத்தைப் பார்த்துக்கிட்டேன். பத்தாம் தேதிக்குள்ள பதில் வேணும்னு கேட்டே, ஒரே நாள்ல எழுதிட்டேன். எனக்கு யோசிக்க ஒண்ணும் இல்லாம இருந்துச்சுடா.

நீ அட்டையைப் பார்த்து ஏமாந்தே. நான் தெரிஞ்சே கண்ணை மூடிக்கிட்டேன். பாவம் யாருக்குன்னு கணக்குப் போடாதே, அது எனக்குத்தான்.

என்னைத் திட்டி எழுது. எழுதாம மட்டும் இருக்காதே.

அக்கா

*

மே 2

அக்காவுக்கு,

அம்மா தேறியிருக்காங்க. காலைல மருந்து, சாயங்காலம் மருந்து, நானே விடுறேன். அழுத்தம் இறங்கியிருக்காம். வாண்டு சுகமா?

உன் கடிதத்துக்கு அஞ்சு வாரமா பதில் எழுதலை. கோபம் இல்லைன்னு எழுதலாம்னு உட்கார்ந்தா கை ஓடலை. கோபம் இருக்கு. உன் மேல இருக்கு, என் மேல அதைவிட இருக்கு. அம்மா மேலயும் இருந்துச்சு, ஆனா அவங்க சுவத்தைத் தடவிக்கிட்டுப் பின் படிக்கு நடந்து போறதைப் பார்த்தா எங்க இருந்து கோபம் வரும்? கடையில வெள்ளைக் கோட்டு போடும்போது கூசுது. வர்ற ஒவ்வொருத்தருக்கும் முதல்ல விரலை ஆட்டிப் பார்க்கிறேன். போன வாரம் ஒரு லாரி டிரைவருக்கு ஓரம் தெரியலை, ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். சீக்கிரமே வந்துட்டார், காப்பாத்திடலாம்னு சொல்லிட்டாங்களாம். ரெண்டு கையாலயும் என் கையைப் பிடிச்சுக்கிட்டார். எனக்கு அழுகைதான் வந்துச்சு.

காலேஜுக்கு மறுபடி எழுதிப் போட்டேன். அதே கண்ணைப் பிரிச்சவன்தான்னு சொல்லியே எழுதினேன். இந்த வருஷமும் சீட் தர்றாங்க. ஜூன் முடிவுல சேரணும். நான் கேட்கலை, நீயே சொல்லு. வர்றதா இருந்தா அதுக்கு முன்னாடி வா. வர முடியாதுன்னா அதையும் நேரா எழுது, நான் இங்கயே இருந்துக்கிறேன். சுத்தி வளைக்காதே.

அட்டையில நீளமா ஒரு வரி அகலத்துக்குச் சந்து வெட்டி அம்மாகிட்ட கொடுத்திருக்கேன். காகிதத்து மேல வச்சு அதுக்குள்ளயே எழுதுறாங்க, இப்ப வரி ஏறலை. பழைய எழுத்து அட்டைதான், வேற எதுக்கு அது? கீழே எழுதியிருக்கிறது அவங்களே எழுதினது.

தம்பி

பெரியவளே, நீ எழுதினதை இவன் எனக்குப் படிச்சுக் காட்டினான். நான் ஒண்ணும் நினைக்கலை. நானும்தானே மறைச்சேன். வாண்டுவைக் கூட்டிட்டு வா. வந்ததும் பக்கவாட்டுல நிக்காதீங்க, எனக்குத் தெரியாது. அவளை என் முகத்துக்கு நேரா கொஞ்ச நேரம் பிடிச்சுக்கோ. போட்டோல பாதிதான் இருக்கு, மீதியைப் பார்த்துடறேன். — அம்மா